அரக்குக் கரை, பச்சைக் கை: அக்காள்மடத்துக்குச் சட்டை தைக்கப் போன மூன்று நாள்

போன மாசியில் புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள் மதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம், அக்காள்மடம், கீழக்கரை என்று சுற்றிவிட்டு வந்தேன். இராமேஸ்வரம் தீவு வரை போயும் கோயிலுக்குப் போகவில்லை, தனுஷ்கோடிக்கும் போகவில்லை. என் பையில் மூன்று சட்டைகள் இருந்தன. அவற்றைக் கடலில் நனைத்துப் பார்க்கத்தான் அந்தப் பயணம்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பதினான்கு வருடம் பேட்டர்ன் போட்டவள். அதாவது, சட்டையின் ஒவ்வொரு துண்டும் எந்த வடிவத்தில் வெட்டப்பட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுக்கும் வேலை. இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு இராமேஸ்வரம் போனபோது, கடலுக்குள்ளிருந்து நாலைந்து பெண்கள் நனைந்து ஏறி வருவதைப் பார்த்தேன். கடல்பாசி வளர்ப்பவர்கள். சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். தோள் தையல் முழங்கை வரை தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், நான் அந்தத் தோள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியை விட்டு வந்ததும் அதையே என் முதல் வேலையாக எடுத்துக்கொண்டேன். பெண்களுக்கான வேலைச் சட்டை. துணி பரமக்குடித் தறியில், தையல் கீழக்கரையில், முதலில் போடுகிறவர்கள் இந்தக் கடற்கரைப் பெண்கள். சாயம் போடாத பருத்தி. எல்லாமே ஒரே மாவட்டத்துக்குள். (நூல் மட்டும் கோவைப் பக்கத்திலிருந்து வருகிறது. அதை மறைத்துவிட்டு ‘எல்லாமே உள்ளூர்’ என்று மார்தட்ட மாட்டேன்.) அக்காள்மடத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் பாசிக் குழு ஒன்று, ‘கொண்டுட்டு வாங்க, போட்டுப் பாத்துட்டுச் சொல்லுறோம்’ என்று போனில் சொல்லியிருந்தது. பிடித்திருந்தால் ஆளுக்கு இரண்டு.

புதன் காலை 6.40க்கு மாட்டுத்தாவணியில் இராமநாதபுரம் பஸ் ஏறினேன். பரமக்குடி 75 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், 75 ரூபாய். ஊருக்குள் இறங்கி வைகைப் பாலத்தைத் தாண்டினால் எமனேஸ்வரம். ஷேர் ஆட்டோ 20 ரூபாய். நடந்தே போகலாம், ஆனால் பையில் துணி இருந்தால் வேண்டாம். தெருவுக்குள் நுழைந்ததுமே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது.

எனக்கு நெய்து தருபவர் ஜெகந்நாதன் அண்ணன். வீட்டுக்குள் மூன்று தறி வைத்திருக்கிறார், மனைவியும் தம்பியும் கூட நெய்கிறார்கள். சேலைதான் அவர்களுடைய பிழைப்பு. என் துணிக்காக ஒரு தறியை ஒதுக்கியிருந்தார். நான் கேட்டபடி நெருக்கி, கனமாக நெய்த மாதிரித் துணியில்தான் அந்த மூன்று சட்டைகளையும் தைத்திருந்தேன். சட்டையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

“இது சோபாவுக்குப் போடலாம்மா. சட்டைக்கு எதுக்கு இவ்வளவு கனம்?”

“கடல்ல போட்டுத் தேய்க்கிற வேலைண்ணே. தாங்க வேணாமா?”

“நனைஞ்சா என்ன எடை வரும்னு பாத்தீங்களா?”

பக்கெட்டில் நனைத்துப் பார்த்திருந்தேன். கடலில் இறங்கிப் பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல் சிரித்து மழுப்பினேன். அவரும் விடாமல், தளர்த்தி நெய்த மெல்லிய துணி மூன்று மீட்டரை மடித்து என் பையில் வைத்தார். “சும்மா வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு. பாவு சுத்துறவர் வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வர்றார். நாப்பது மீட்டருக்குப் பாவு போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது. அவரை விட்டா அடுத்த மாசம்தான். கனமா, மெலிசா, கரை உண்டா இல்லையா, அதுக்குள்ள சொல்லிடுங்க.”

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். துணியின் நெருக்கமும், ஓரத்தில் வரும் கரையின் நிறமும் அதில்தான் முடிவாகும். “கனம்தான்ணே, கரை வேணாம். பேருக்கு ஒரு தடவை போன் பண்ணுறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பதினான்கு வருட அனுபவம் பேசிய பேச்சு அது.

அன்று இரவு இராமநாதபுரத்தில் தங்கினேன். பரமக்குடியிலிருந்து 36 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 40 ரூபாய். புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் 900 ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது. இராமேஸ்வரத்துக்குள் தங்குவதைவிட இது மலிவு, நாலு பக்கமும் பஸ் உண்டு.

வியாழன் காலை 6.15க்கு இராமேஸ்வரம் பஸ். பாம்பன் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோர சீட்டுக்காகச் சண்டை போடத் தயங்காதீர்கள். அக்காள்மடம் வரை 48 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 50 ரூபாய். கண்டக்டரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும், இல்லையென்றால் நேராக இராமேஸ்வரத்தில்தான் இறக்குவார். மெயின் ரோட்டிலிருந்து வடக்கே கடற்கரை ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 60 ரூபாய்.

“கடல் பாக்கவா? அங்கன ஒண்ணும் இருக்காதேக்கா” என்றார் ஆட்டோக்காரர்.

“பாசி போடுறவங்களப் பாக்கணும்.”

“பஞ்சவர்ணத்தக்கா குரூப்பா? நல்லாப் பாருங்க. பேசுனா மட்டும் பாத்துப் பேசுங்க” என்று சிரித்தார்.

வடகடல் குளம்போல் கிடந்தது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, அதில் வரிசையாகக் கயிறு இழுத்து, கயிறு முழுக்கப் பாசிக் கொத்துகளை முடிந்து மிதக்க விட்டிருந்தார்கள். மார்பளவு தண்ணீரில் நின்று அந்த மிதவைகளை இழுத்து வருவதும், விளைந்ததை அறுப்பதும், புதிதாக முடிவதும்தான் வேலை. பஞ்சவர்ணம் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல்களில் எல்லாம் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தார். கயிறும் சிப்பியும் வெட்டாமல் இருக்க அதுதான் பாதுகாப்பு.

“எங்க அளவு எடுக்காமயே தச்சுட்டு வந்திருக்கீகளே தங்கச்சி” என்பதுதான் முதல் வார்த்தை. ஆனால் மூன்று பேர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நான் கரையில் நோட்டும் பேனாவுமாக நின்றேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் பஞ்சவர்ணம் அக்காவின் சட்டைப் பொத்தான் கயிற்றில் சிக்கியது. விடுவிப்பதற்குள் மிதவை அவரையும் சேர்த்து இழுத்தது. அடுத்து, நான் சட்டையில் பெருமையாக வைத்திருந்த இரண்டு பெரிய பைகளிலும் தண்ணீர் நிரம்பி, இரண்டு குடத்தை இடுப்பில் கட்டியதுபோல் தொங்கின. அவர் கையில் பாசி அறுக்கும் கத்தி இருந்தது. அங்கேயே நின்று, சர்க் சர்க்கென்று இரண்டு பைகளையும் அறுத்துக் கரையைப் பார்த்து வீசினார். ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. தண்ணீரில் நின்ற மற்ற பெண்கள் சிரித்த சிரிப்பு மெயின் ரோடு வரை கேட்டிருக்கும்.

கரையேறிச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கை அப்படியே கீழே போனது. “புள்ளையத் தூக்கிட்டு வேலை பாத்த மாதிரி இருக்கு தங்கச்சி. இதுக்கு எங்க வீட்டுக்காரரு பழைய சட்டையே தேவல.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. அந்தப் பைக்குத் தையல் போட மட்டும் ஒரு முழு நாள் செலவழித்திருந்தேன். மணலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பஞ்சவர்ணம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, வறுத்த நகரை மீனும் சோறும் நீட்டினார்.

“கோவிச்சுக்கிட்டீகளா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாதீக. சாப்புடுங்க. கழுத்து நல்லா இருக்கு. வெயிலு பின்கழுத்துல படல. கையும் நீளமா இருக்கு, சொறி மீனு பட்டு அரிக்காது. மத்தத மாத்திட்டு வாங்க. நாளைக்கும் இங்கனதான் நிப்போம்.”

நாளைக்கு! வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி கண்முன் வந்து நின்றது. மீனைச் சாப்பிட்டு முடித்த கையோடு, கீழக்கரையில் எனக்குத் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்த மும்தாஜுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை அவளைப் பார்த்து வெட்டுவதற்கான அட்டைகளைக் கொடுப்பதாகத்தான் பேச்சு. “இப்பவே வாங்கக்கா. மிஷினு சும்மாதான் கிடக்கு” என்றாள்.

அக்காள்மடத்திலிருந்து திரும்ப இராமநாதபுரம், அங்கிருந்து கீழக்கரை 18 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மதியம் ஒரு மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

மும்தாஜுக்கு முப்பத்தைந்து வயது. கணவர் சவுதியில், தமாமில் ஏசி மெக்கானிக். பத்து வருடமாக வீட்டிலேயே புர்காவும் சுடிதாரும் தைக்கிறாள். நனைந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“பொத்தானே எதுக்குக்கா? தலைவழியா மாட்டுற மாதிரி வச்சு, தோள்ல ஒரு நாடா. புர்காவுல அப்படித்தானே தைக்கிறேன். எதுலயும் மாட்டாது.”

“சரி. பை?”

“கடலுக்குள்ள யாருக்கா சில்லறை மாத்தப் போறா?”

ஜெகந்நாதன் அண்ணன் பையில் வைத்த மெல்லிய துணியை எடுத்து விரித்தேன். அக்குளுக்குக் கீழே ஒரு சிறிய சதுரத் துண்டு சேர்த்தால் கையைத் தூக்கும்போது சட்டை மேலேறாது என்று நான் சொல்ல, இரண்டு பக்கமும் இடுப்பு வரை பிளவு விட்டால் தண்ணீர் தங்காது என்று அவள் சொல்ல, வெட்டிக்கொண்டே பேசி, பேசிக்கொண்டே தைத்து, சாயங்காலம் மகரிப் பாங்கு சொல்வதற்குள் ஒரு சட்டை முடிந்துவிட்டது. மிச்சத் துணியில் இன்னொன்றும் வெட்டி, படுப்பதற்குள் தைத்துவிட்டோம். இப்படி ஒரு மதிய வேளை திருப்பூரில் எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குத் திருப்தியில்லை. “கை எந்த எடத்துல இழுக்குதுன்னு எனக்குத் தெரியலக்கா. நானும் நாளைக்கு வாரேன்.”

“கடலுக்கா?”

“பத்துத் தெரு தள்ளிக் கடலு. இத்தனை வருசத்துல கணுக்காலுக்கு மேல நனைஞ்சதில்ல. போய்ப் பாக்கலாமே.”

மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளி காலை 5.50 பஸ்ஸில் கிளம்பினோம். எட்டரைக்கு அக்காள்மடம். பஞ்சவர்ணம் அக்காவும் இன்னொரு பெண்ணும் புதுச் சட்டையில் இறங்கினார்கள். ஒரு மிதவையை இழுத்தார்கள். இன்னொன்றை இழுத்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மும்முரமாக வேலையில் இறங்கிவிட்டார்கள். எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. “அக்கா, எப்படி இருக்கு?” என்று கத்தினேன்.

“எது?” என்று திரும்பிக் கத்தினார்.

“சட்டை!”

“அடியாத்தே, சட்டைய மறந்தே போனேன்!”

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இனிமேல் யாரும் தர முடியாது. மும்தாஜ் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்குப் பிறகு அவளைப் பிடித்து வைக்க முடியவில்லை. அந்த இன்னொரு பெண் கரையேறிச் சட்டையைக் கழற்றிக் கொடுக்க, ஈரத்தோடு வாங்கிச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. பஞ்சவர்ணம் அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, கயிற்றைக் கொடுத்தார். “இழுங்க டெய்லரம்மா!” இழுத்தாள். மிதவை வந்தது. “தெரிஞ்சுபோச்சுக்கா! பின்தோள்ல இழுக்குது. அரை இஞ்சு கூட விடணும்!” என்று அங்கிருந்தே கூவினாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் காலையில் கணவர் வீடியோவில் கூப்பிடுவாராம். நான் எடுத்துக் கடல் பக்கம் காட்டினேன்.

“மச்சான், கடலுக்குள்ள நிக்கிறேன்!”

“யா அல்லாஹ்! யாரு தள்ளிவிட்டது?”

பத்துப் பெண்கள் ஒரே குரலில் “நாங்கதான்” என்றார்கள்.

பதினோரு மணிக்கு எல்லோரும் கரையில் உட்கார்ந்தோம். மெல்லிய துணி என்று முடிவாகிவிட்டது. வெள்ளையாக இருப்பது படகில் வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும், நல்லது என்றார்கள். ஜெகந்நாதன் அண்ணனுக்குப் போன் செய்யப் போனபோது பஞ்சவர்ணம் அக்கா என் கையைப் பிடித்தார்.

“ஒரு கரையாச்சும் வைக்கச் சொல்லுங்க. இப்படி மொட்டையா எப்படிப் போடுறது? அரக்குக் கரை.”

“அரக்கு வேணாம், கிளிப்பச்சை” என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் ஆறுக்கு ஆறாகப் பிரிந்துவிட்டார்கள். அரக்கு அழுக்குத் தாங்கும். பச்சை பாசி நிறம். அரக்கு போட்டால் கறுப்பாகத் தெரிவோம். பச்சை போட்டால் மட்டும் சிவப்பாகத் தெரிவோமா? மும்தாஜை நடுவராக இருக்கச் சொன்னார்கள், அவள் நீலம் என்று சொல்லித் திட்டு வாங்கினாள். மணி 11.35. நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணே, மெலிசு. ஆனா கரை வேணுமாம். நிறத்துல சண்டை நடக்குது.”

“கேக்குதும்மா. பாவு சுத்துறவர் வந்து டீ குடிச்சிட்டு இருக்கார்.” அந்தப் பக்கம் அவரிடம் ஏதோ கேட்டார். பிறகு, “துணிக்கு ரெண்டு ஓரம் இருக்குல்ல? ஒரு ஓரம் அரக்கு, ஒரு ஓரம் பச்சை. சேலைக்கு வாங்குன நூல் ரெண்டு நிறத்துலயும் மிச்சம் இருக்கு.”

எனக்குத் தலைக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. துணியின் அகலம் ஐம்பது அங்குலம். சட்டை உடம்பு இருபத்தெட்டு, கை இருபத்திரண்டு. சேர்த்தால் ஐம்பது! துணியைக் குறுக்கே போட்டு வெட்டினால் ஒரு கரை சட்டையின் கீழ் ஓரத்தில் வரும், இன்னொரு கரை மணிக்கட்டில் வரும். ஓரம் பிரியாது என்பதால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஒரு சட்டைக்கு ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தேன், ஒன்றேகாலே போதும். ஈர மணலில் விரலால் வரைந்து காட்டினேன். அரக்கு வேண்டும் என்றவர்களுக்கு அரக்குக் கரை, பச்சைக் கை. மற்றவர்களுக்குத் துணியைத் திருப்பிப் போட்டால் பச்சைக் கரை, அரக்குக் கை.

பஞ்சவர்ணம் அக்கா மணலில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். “சுத்தச் சொல்லுங்கண்ணே!” என்று போனைப் பார்த்துச் சொன்னார். 11.50.

பங்குனிக் கடைசியில் இருபத்துநாலு சட்டைகளோடு மும்தாஜும் நானும் மறுபடி போனோம். எல்லோருக்கும் அளவெடுத்துத் தைத்தது. சின்னது, பெரியது என்று போடுவதற்குப் பதிலாக, கழுத்துப் பட்டையில் அவரவர் பெயரை நூலால் எழுதியிருந்தாள் மும்தாஜ். வெட்டியதில் மிஞ்சிய துணியை நீளப் பட்டைகளாகக் கிழித்து ஒரு மூட்டை கொண்டுபோயிருந்தாள், விரலில் சுற்ற. சட்டையைவிட அதற்குத்தான் அதிகப் போட்டி. பஞ்சவர்ணம் அக்காவின் கணவர் அங்கேயே அக்காவின் புதுச் சட்டையை எடுத்து மாட்டிப் பார்த்தார். “கழட்டுங்க. பேரு போட்டிருக்கு, தெரியலையா?” என்று அக்கா வாங்கி வைத்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பருத்தித் தையல் நூல் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் நைந்துபோகிறது. நைலான் போட எனக்கு மனமில்லை. இப்போதைக்கு இரட்டைத் தையல், பிரிந்தால் மும்தாஜ் இலவசமாகத் தைத்துத் தருகிறாள். நல்ல யோசனை இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். வேலை கூடியதால் அவள் வீட்டில் இரண்டாவது மிஷின் ஓடுகிறது, நாத்தனாரும் தைக்கிறார். கீழக்கரைப் பக்கம் சிக்கல் என்ற ஊரில் வயல் வேலை பார்க்கும் பெண்கள் சிலரும் மாதிரிச் சட்டை கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் நான் கற்றது ஒன்றுதான். போடப் போகிறவரைப் பார்க்காமல் ஓர் அங்குலம்கூட வெட்டக் கூடாது. இதே மாதிரி சின்னதாகத் துணி வேலை தொடங்க நினைப்பவர்கள் முதலில் தறிக்காரர் வீட்டுக்குப் போங்கள், அவர் தரும் மாதிரியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எமனேஸ்வரத்துக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் போவது நல்லது. மதியத்துக்கு மேல் கரண்ட் போனால் படியில் உட்கார்ந்து பேச்சு மட்டும்தான் நடக்கும். தை முதல் பங்குனி வரை வெயிலைத் தாங்கலாம், வடகடலும் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பு, பாசி வேலை நடக்காது. கடற்கரையில் சிப்பி அதிகம், ரப்பர் செருப்பு கட்டாயம். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். ஈரச் சேலையோடு நிற்பவர்களை யாரும் படம் எடுப்பது அவர்களுக்குப் பிடிக்காது.

அக்காள்மடத்துக்குப் போனால் காலை பத்து மணிக்கு முன்னால் யாரையும் கூப்பிடாதீர்கள், வேலை ஓடும் நேரம். பத்துக்கு மேல் போங்கள். உட்காரச் சொல்வார்கள், மீன் தருவார்கள். துணியைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிட்டால் திரும்பி வரும் பஸ் நேரத்தைப் பார்க்க வேண்டாம். அடுத்த பஸ் இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது.